புகைக்காரம்மாவின் ஊதுபத்தி

அழைப்புமணியை அழுத்துவதற்கு முன் அஸ்மத்துன்னிசா வலது கால் செருப்பைக் கழற்றி, கட்டைவிரலைக் கதவின் அடி இடுக்கில் வைத்துப் பார்ப்பார். உள்ளிருந்து ஏசியின் சில்லிப்பு விரலில் பட்டால் "ம்" என்பார். படாவிட்டால் "டப்பா" என்பார். அதற்குப் பிறகுதான் மணி. ஆகவே கதவைத் திறக்கும் பலரும் முதலில் பார்ப்பது, முக்காடு போட்ட ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு தங்கள் வாசற்படியைச் சந்தேகமாக முறைப்பதைத்தான்.

ராயப்பேட்டையில், ஓர் ஆட்டோ நுழைந்தால் இன்னோர் ஆட்டோ பின்வாங்க வேண்டிய சந்தில் அவருடைய பட்டறை இருக்கிறது. கணவர் உட்பட நான்கு பேர் அங்கே தகரத்தை வெட்டி வளைத்துக் குழாய் செய்கிறார்கள். குழாய் எங்கே தொடங்க வேண்டும், எத்தனை அடி ஏற வேண்டும், எந்தப் பக்கம் வாய் திறக்க வேண்டும் என்று சொல்வது அஸ்மத்துன்னிசா. மயிலாப்பூர் மெஸ்களின் தோசைப் புகை, கல்யாண மண்டபங்களின் தாளிப்புப் புகை, தி.நகர் அடுக்ககங்களின் எண்ணெய்ப் புகை எல்லாம் அவர் காட்டிய வழியில்தான் வானத்துக்குப் போகின்றன. சந்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "புகைக்காரம்மா கீறாங்களா?" என்றுதான் கேட்பார்கள். "எரியிற எடத்துலதான் இருப்பாங்க" என்று கணவர் தகரத்திலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொல்வார்.

முக்காட்டுக்குள், காதுக்கு மேலே, ஒரு தச்சுப் பென்சில் எப்போதும் செருகியிருக்கும். தோளில் ஒரு மஞ்சள் பை. அதில் டார்ச், அளவு நாடா, ஈரத்துணி, ஒரு கட்டு ஊதுபத்தி. ஊதுபத்தியைக் கடையில் வாங்குகிற விதம் விசித்திரமானது. மற்றவர்கள் முகர்ந்து பார்த்து மணமுள்ளதை எடுப்பார்கள். இவர் முகர்ந்து பார்த்து மணமுள்ளதைத் தள்ளிவைப்பார். "வாசனையே இல்லாத பத்தி குட்றா நைனா" என்று கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? ஆறு வருடமாக விற்காமல் கிடந்த பெட்டியைத் தூசி தட்டி எடுத்துக் கொடுப்பார்.

எந்த வீட்டிலும் வேலையைத் தொடங்குவதற்கு முன் அவர் ஒரு பத்தியைக் கொளுத்துகிறார். அவரைப் பற்றி எழுதுவதற்காகக் கூடவே சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, முதல் தடவை பார்த்தபோது எரிச்சலாக இருந்தது. தகரம் அடிக்க வந்தவருக்கு எதற்கு இந்தச் சடங்கு என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நான் மட்டுமல்ல, எரிச்சல் மட்டும்தான் என்னுடையது. மயிலாப்பூர் குளக்கரைக்குப் பக்கத்தில், ஓய்வுபெற்ற பேராசிரியர் சுப்பராமன் வீட்டில், அஸ்மத்துன்னிசா பத்தியைப் பிடித்துக்கொண்டு சமையல் மேடையோரமாக மெல்ல நடந்ததைப் பார்த்த அவர் மனைவி கைகூப்பிவிட்டார். "பாருங்கோ, அக்னிக்கு மரியாதை பண்ணிட்டுதான் வேலையையே தொடறா. நம்மளவாளுக்கு இதெல்லாம் எங்கே தெரியறது?" அடுத்த வாரம் சாந்தோமில் ஓர் அம்மையார் அதே பத்தியைப் பார்த்துச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ராயப்பேட்டையில் அஸ்மத்துன்னிசாவின் சொந்த நாத்தனார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தர்காவிலிருந்து கொண்டுவந்ததா என்று கேட்டிருக்கிறார்.

அஸ்மத்துன்னிசா யாரையும் திருத்துவதில்லை. பத்தியின் புகை நேராக எழுகிறதா, சன்னல் பக்கம் சாய்கிறதா, மேலே போய்த் தயங்கித் திரும்புகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். வீடு எந்த வழியாக மூச்சு விடுகிறது என்று தெரிந்துகொள்ள அவரிடமிருக்கும் ஒரே கருவி அதுதான்.

"அப்போ அதைச் சொல்லிடலாமே? ஏன் கும்பிட விடறீங்க?" என்று கேட்டேன்.

"சொன்னா பேச ஆரம்பிச்சுடுவாங்க. பேசினா வாய்க்காத்து வரும். வாய்க்காத்து வந்தா புகை ஆடும். கும்பிட்டாங்கன்னு வெச்சுக்கோ, கம்முனு நிப்பாங்க."

கடவுளால் இந்த நகரத்துக்குக் கிடைத்த பயன்களில் நான் நேரில் கண்டது இது ஒன்றுதான்.

வீடுகளை அவர் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஓட்டை வீடு, மூச்சு வீடு, டப்பா வீடு. ஓட்டை வீட்டில் காற்று கேட்காமல் வரும், கேட்காமல் போகும். மூச்சு வீட்டில் வர ஒரு வழி, போக ஒரு வழி. டப்பா வீட்டில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இருபது வருடத்துக்கு முன் மாதம் ஒரு டப்பா பார்த்தால் அதிகம். இப்போது வேளச்சேரிப் பக்கம் போனால் பத்துக்கு எட்டு டப்பா என்கிறார். "கொசு வரக் கூடாது, தூசி வரக் கூடாது, பக்கத்து வூட்டு கருவாட்டு வாசனை வரக் கூடாது. சரி, எதுவும் வரலை. உள்ள கீறது எப்டி போவும்?"

எதைச் சொன்னாலும் சிரிக்கவைக்கிறவர் அவர். அவருடைய செல்பேசியில் சிரிக்கவைக்காத ஒரு படம் இருக்கிறது. ஒரு குளியலறை வென்டிலேட்டர், அட்டையும் பசைநாடாவும் வைத்து ஒழுங்காக அடைக்கப்பட்டது. அவருடைய சந்துக்கு அடுத்த சந்தில், சரண்யா என்கிற கல்யாணமாகி நான்கு மாதமான பெண்ணின் வீடு. உள்ளே காஸில் எரியும் கீசர். கொசுவுக்குப் பயந்து வென்டிலேட்டரை அடைத்தார்கள், கீசரின் நச்சு வாயு உள்ளேயே தங்கிவிட்டது. அவளை உயிரில்லாமல் வெளியே தூக்கி வந்தபோது தலையில் ஷாம்பு நுரை அப்படியே இருந்ததாம். "என்னைக் கேக்கலை. கேட்டிருந்தா ஒரு ஜாண் ஓட்டைதான். ஒரே ஒரு ஜாண்." இதைச் சொல்லும்போது கையை விரித்துக் காட்டினார். பிறகு படத்தை மூடிவிட்டு, ஆட்டோக்காரரிடம் ஏன் இந்த வழியாகப் போகிறாய் என்று சண்டை பிடித்தார்.

அன்று நாங்கள் போய்க்கொண்டிருந்தது பெசன்ட் நகருக்கு. கடற்கரையிலிருந்து மூன்றாவது தெருவில், சாய்சரண் என்பவர் கட்டிய வீட்டுக்கு. பன்னிரண்டு வருடம் கனடாவில் பொறியாளராக இருந்துவிட்டுத் திரும்பியவர். அந்த ஊர்க் குளிருக்கு எப்படிக் கட்டுவார்களோ அதே முறையில் இந்த ஊர் வெயிலுக்கு ஒரு வீடு கட்டியிருந்தார். சன்னல்களுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி, கதவுகளுக்குச் சுற்றிலும் ரப்பர். பழைய காற்றை வெளியே தள்ளிப் புதுக் காற்றை அளந்து உள்ளே விட மாடியில் ஓர் இயந்திரம். ஏசி குளிர்ச்சி ஒரு துளியும் வீணாகாது, மின்சாரம் பாதி மிச்சம். நல்ல யோசனைதான், ஒரு புயல் வரும் வரையில். போன வருடப் புயலில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. மின்சார அடுப்பு, மின்சாரக் கீசர், மின்சாரக் காற்று, மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன. அம்மா கோமளம் பச்சைத் தண்ணீரில் குளித்துச் சளி பிடித்துக்கொண்டார். அன்றைக்கே சாய்சரண் முடிவெடுத்தார்: வீட்டுக்குள் ஒரு விறகு அடுப்பு வேண்டும். கனடாவில் அவர் வைத்திருந்த மாதிரி, வார்ப்பிரும்பில், கண்ணாடிக் கதவு போட்டது. மேலே சமைக்கலாம், பக்கவாட்டுத் தொட்டியில் வெந்நீர் காயும். நான்கு மாதம் காத்திருந்து கப்பலில் வரவழைத்தார்.

அடுப்பு வந்தது, பொருத்தப்பட்டது, பற்றவைக்கப்பட்டது. வீடு முழுக்கப் புகை.

பொருத்திய ஒப்பந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, அடுப்பு உயர்ந்த ரகம், பற்றவைக்கிறவருக்குத்தான் பழக்கமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். பற்றவைக்கிறவர் தேவானை. அந்த வீட்டில் சமையலுக்கு உதவி, பாத்திரம், துடைப்பம் எல்லாம் அவர்தான். அடையாற்றின் கரையில் குடியிருந்தபோது நடந்தே வந்துகொண்டிருந்தார். குடிசைகளை எடுத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு இரண்டு பஸ் மாறி வருகிறார். மூன்று தடவை பற்றவைத்தார், மூன்று தடவையும் புகை. திங்கட்கிழமை முதல் வேறு ஒரு பெண் வருவதாக ஏற்பாடு. சாய்சரண் அஸ்மத்துன்னிசாவைத் தொலைபேசியில் கூப்பிட்டதே அந்தப் புதுப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுக்கத்தான்.

"மேடம், அடுப்புல ஒரு பிராப்ளமும் இல்ல. ஆப்பரேட் பண்றவங்கதான் பிராப்ளம்."

"பத்தவெக்கிறது யாரு?"

"வேலை செய்யறவங்க."

"அவங்க எத்தினி அடி ஒசரம்?"

"எதுக்கு மேடம்?"

"சும்மாதான் கேட்டேன். வர்றேன்."

பெசன்ட் நகர் வீட்டு வாசலில் கட்டைவிரல் சோதனை நடந்தது. அஸ்மத்துன்னிசா விரலை எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார். "இது டப்பா இல்ல. இது ஊறுகா பாட்டில்" என்றார்.

கோமளம் கதவைத் திறந்தார். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். வீட்டைப் பற்றி அவருக்குப் பெருமையும் புகாரும் சம அளவில் இருந்தன. "கொசு ஒண்ணு கிடையாது, பாத்துக்கோங்கோ. ஆனா காய்காரன் கத்திண்டு போறதும் கேக்கறதில்லை. வெளியே மழை பேஞ்சா டீவி பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு."

கூடத்தின் ஒரு சுவரில், வீட்டில் காற்று ஒழுகவில்லை என்று சோதித்துக் கொடுத்த சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. எதிர்ச் சுவரில் வாஸ்து நிபுணர் போட்டுக்கொடுத்த வரைபடம். இரண்டையும் மாட்டியது ஒரே கை. அறிவியலும் அஞ்ஞானமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அத்தனை மரியாதையாக இருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சமையலறை மூலையில் அடுப்பு கன்றுக்குட்டி அளவில் கறுப்பாக நின்றது. அதன் வாய் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில். உட்கார்ந்துதான் விறகு போட முடியும், முன்னால் ஒரு குட்டை முக்காலி இருந்தது. அடுப்பின் முதுகிலிருந்து கிளம்பிய புகைக்குழாய் நாலடி ஏறியதும் திரும்பி, சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருந்தது.

"இந்த மூலையில ஏன் வெச்சீங்க?"

"இது அக்னி மூலை மேடம். தென்கிழக்கு. அம்மாவும் கேட்டாங்க, எனக்கும் ஒரு... கன்ஃபர்மேஷன் மாதிரி."

அஸ்மத்துன்னிசா சன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வெளியே பார்த்தார். தெருக்கோடியில் கடல். "தம்பி, மத்தியானம் ரெண்டு மணியானா கடக்காத்து எங்கேர்ந்து வருது?"

சாய்சரண் யோசித்தார். "ஈஸ்ட்... சவுத் ஈஸ்ட்."

"உன் குழாய் எந்தப் பக்கம் வாயைப் பொளந்துக்கினு நிக்குது?"

அவர் குழாயையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்னிக்கு இந்த மூலை புடிக்கும். புகைக்குப் புடிக்காது. காத்து வந்து வாயில ஊதுது, அது வந்த வழியே உள்ள ஓடியாந்துடுது." இதைச் சொல்லிவிட்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தேவானையிடம் திரும்பினார். "இன்னாம்மே, நீதான் புகை போட்டியா?"

தேவானைக்கு நாற்பது வயதிருக்கும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுவரோரமாக வந்து நின்றார். "நான் இன்னாக்கா பண்ணேன்? பதினெட்டு வருசம் சவுக்குக் கட்டையிலதான் ஆக்கினேன். மழையில நனைஞ்ச வெறகுலயே சோறு வடிச்சிருக்கேன். இங்க மட்டும் எனுக்கு அடுப்பு பத்தவெக்கத் தெரியலையாம்."

"அங்க புகை வராதா?"

"வரும். கீத்துல ஆயிரம் ஓட்டை, பூடும்."

"விறகு ஈரமும் இல்ல மேடம்" என்று சாய்சரண் நடுவில் வந்தார். விறகின் ஈரத்தை அளக்க அவரிடம் ஒரு சின்னக் கருவி இருந்தது. "பதினாலு பர்சென்ட். பர்ஃபெக்ட். டெக்னிக்தான் சரியில்ல. வீடியோவே அனுப்பினேன், அவங்க பாக்கலை."

"பாத்தேன் சார். வெள்ளைக்காரன் ஒருத்தன் தொப்பி போட்டுக்கினு பத்தவெக்கிறான். அவன் வூட்டைச் சுத்தி ஒரே காடு."

அஸ்மத்துன்னிசா முக்காலியைக் காலால் நகர்த்தினார். "சரி தம்பி. அந்த டெக்னிக்கு உனக்குத் தெரியுமில்ல? நீ உக்காரு. நீயே பத்தவை. நான் பாக்கிறேன்."

சாய்சரண் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறடி மனிதர், அந்த முக்காலியில் முழங்கால்கள் காதுக்கு வந்தன. பெரிய கட்டை கீழே, சிறிய கட்டை மேலே, அதற்கு மேல் சிராய், உச்சியில் நெருப்பு. வீடியோவில் இருந்த மாதிரியே, அப்பழுக்கில்லாமல். தீ பிடித்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அழகாக ஆடியது. அவர் பெருமையாகத் திரும்பித் தேவானையைப் பார்த்தார்.

அப்போது கதவின் ஓரத்திலிருந்து ஓர் இழை புகை எட்டிப் பார்த்தது.

"புகை வந்துடுத்து, புகை வந்துடுத்து!" என்று கோமளம் ஓடிப்போய், மின்சார அடுப்புக்கு மேலே தொங்கும், புகை உறிஞ்சும் சிம்னியின் பொத்தானை அழுத்தினார். மூன்றாவது வேகம், விமானம் கிளம்புகிற சத்தம். மறுகணம், இழையாக வந்த புகை கயிறாக வந்தது. கயிறு போர்வையானது. சாய்சரண் விறகைத் தள்ளிவிடக் கதவைத் திறந்தார், அடுப்பு அவர் முகத்தில் முழு மூச்சாகத் துப்பியது. இருமிக்கொண்டே எழுந்து பின்கதவைத் தள்ளினார். கதவு நகரவில்லை.

"அந்தக் கதவு அப்டித்தான் சார்" என்றார் தேவானை. "சிம்னி போட்டா தொறக்காது. சொன்னேன், ஒழுங்கா தள்ளுன்னு சொன்னீங்க."

அஸ்மத்துன்னிசா நிதானமாகப் போய்ச் சிம்னியை அணைத்தார். பின்கதவு சுலபமாகத் திறந்தது. மஞ்சள் பையை அதில் முட்டுக்கொடுத்தார். அரை நிமிடத்தில் அடுப்பு மனம் மாறியது. புகை யாரோ கூப்பிட்ட மாதிரி குழாய்க்குள் ஏறிப் போனது. இருமல்கள் ஓய்ந்ததும் ஈரத்துணியை எடுத்துச் சாய்சரணிடம் நீட்டினார். "மூஞ்சியைத் தொட்சிக்கோ தம்பி. இப்ப சினிமா காட்றேன்."

ஊதுபத்தி கொளுத்தப்பட்டது. கோமளத்தின் கைகள் தாமாகவே குவிந்தன. அஸ்மத்துன்னிசா பத்தியை அடுப்பின் வாயருகே பிடித்தார். புகை உள்ளே சாய்ந்தது. "கதவை மூடிட்டு சிம்னியைப் போடு தேவானை." புகை நடுங்கி, நின்று, முக்காலிப் பக்கம் முகத்தைத் திருப்பியது. "நிறுத்தி, தொற." உள்ளே போனது. மூன்று தடவை. மூன்றாவது தடவை தேவானை சிரித்துவிட்டார்.

"பாத்துக்க. சிம்னி வூட்டுக் காத்தை வெளிய உறிஞ்சுது. போன காத்துக்குப் பதில் காத்து வேணும் இல்ல? நீ எல்லாத்தையும் அடைச்சு வெச்சுக்கினு கீற. வூட்டுல தொறந்து கீற வாய் ஒண்ணே ஒண்ணுதான், இந்தக் குழா. அது வழியா வலிக்குது. புகையும் சேர்ந்து வருது. புகை வர வர மாமி சிம்னியை ஜாஸ்தி பண்றாங்க. ஜாஸ்தி பண்ணப் பண்ண இன்னும் வருது. இதுல இந்தப் பொம்பளை இன்னா பண்ணுவா?"

கோமளம் சிம்னியை ஏதோ வளர்த்த பிள்ளை திருடிவிட்ட மாதிரி பார்த்தார்.

"அதுக்குத்தான் மாடியில வென்டிலேஷன் மிஷின் இருக்கே மேடம்?"

"அது அளந்துதானே குடுக்குது? கரண்ட் இல்லாத அன்னிக்குத்தானே அடுப்பு வேணும்னு வாங்கின? கரண்ட் பூட்டா அந்த மிஷினும் பூடும். அப்போ அடுப்பு யாரு காத்தைத் துண்ணும்?"

பிறகு அவர் தரையில் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, அடுப்பின் அடிவயிற்றுக்குப் பின்னால் தலையை விட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "இது இன்னா மூடி?"

வெளிக்காற்றை நேராக அடுப்புக்குள் கொண்டுவரக் குழாய் மாட்டுகிற துளை அது. அடைத்த வீடுகளுக்கென்றே செய்த அடுப்பில், அதற்கென்றே வைத்த மூக்கு. அதில் குழாயும் மாட்டாமல், மூடியையும் எடுக்காமல், மேலே பசை வேறு பூசியிருந்தார்கள்.

"நான்தான் அடைக்கச் சொன்னேன்" என்றார் கோமளம் சன்னமாக. "சுவத்துல ஓட்டை போட்டா கொசு வருமோன்னோ?"

அஸ்மத்துன்னிசா வெளியே வந்து உட்கார்ந்தார். முக்காட்டில் கரி. கொசு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. கை தானாக ஒரு ஜாண் விரிந்து மூடியது. பிறகு விரலை மடக்கி நிபந்தனைகளை அடுக்கத் தொடங்கினார். வெளிக்காற்றுக்கு ஒரு குழாய், வாயில் கொசுவலை. புகைக்குழாய் சுவரை விட்டு நேராக மேலே, மொட்டைமாடிக்கு மேல் ஆள் உயரம். சன்னல் திறந்தால் மட்டுமே சிம்னி ஓடுகிற மாதிரி ஒரு சுவிட்ச். தினப்படி வெந்நீருக்கு மாடியில் சூரியத் தகடு, விறகு புயல் நாளுக்கு மட்டும். "இந்த ஊரு வெயில்ல தெனம் அடுப்பை எரிச்சிட்டு, அந்த சூட்டைத் தணிக்க ஏசி போடுவியா? வேர்க்குது வேர்க்குதுன்னு கம்பளி போத்திக்கிறாப்புல கீது."

"சுவர்லயும் கூரையிலயும் ஓட்டையா?" சாய்சரண் கூடத்துப் பக்கம் கை நீட்டினார். "மேடம், லீக்கேஜ் இல்லைன்னு சர்டிஃபிகேட் இருக்கு!"

"அதை மூஞ்சில கட்டிக்கினு உக்காருவியா தம்பி?"

சாய்சரண் மோசமான மனிதர் அல்ல. பத்தி சொன்னதை அவர் மறுக்கவில்லை, தாளும் பேனாவும் எடுத்து நான்கு நிபந்தனைகளையும் எழுதிக்கொண்டார். எழுதியபடியே, தான் அஜாக்கிரதையானவன் இல்லை என்று காட்ட ஒன்று சொன்னார்: நச்சுப் புகை சேர்ந்தால் கூவுகிற கருவி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். மணமும் நிறமும் இல்லாத அந்த வாயுவை மூக்கு கண்டுபிடிக்காது, இது கண்டுபிடித்துவிடும்.

"எங்க வெச்சுகீற?"

"பெட்ரூம்ல. தூங்கும்போது சேஃப்டி."

"தூங்கும்போது அடுப்பு எரியுமா?"

"இல்ல. அணைச்சுடுவோம்."

"எரியும்போது அதும் எதிர்ல யாரு கீறாங்க?"

தேவானை முக்காலியைப் பார்த்தார். ஆயிரம் வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ஆபத்து ஓர் அறையில் இருக்கும், எச்சரிக்கை மணி வேறோர் அறையில் இருக்கும், இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சம்பளம் இருக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. யோசிக்காமல் செய்வதில்தான் இந்த நாட்டின் பழைய கணக்கெல்லாம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

கோமளம்தான் முதலில் வாயைத் திறந்தார். "சாயி, திங்கக்கிழமை வரேன்னாளே அந்தப் பொண்ணு, அவளை வரவேண்டாம்னு சொல்லிடு." மன்னிப்பு என்ற சொல் அவர் வாய் வரைக்கும் வந்ததா என்று தெரியவில்லை. சொன்னதைச் சிம்னியைப் பார்த்துச் சொன்னார். தேவானை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "புகை" என்றார். புகை போய்ப் பத்து நிமிடமாகியிருந்தது.

அஸ்மத்துன்னிசா யாரையும் கேட்காமல் படுக்கையறைக்குள் போனார். திருகாணி சுழலும் சத்தம் கேட்டது. அந்தக் கூவுகிற கருவியின் வெள்ளைப் பெட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"தேவானை, முக்காலியில உக்காரு. வெறகு போடறாப்புல. இதை உன் மூக்குக்கு நேரா மாட்டணும்."

தேவானை உட்கார்ந்தார். சாய்சரணும் கோமளமும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்து பழக்கமில்லாதவர் எப்படி உட்காருவாரோ அப்படி உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கி, தலையை மார்பில் புதைத்து.

அஸ்மத்துன்னிசா காதிலிருந்து பென்சிலை உருவி, தேவானையின் மூக்குக்கு நேராகச் சுவரருகே கொண்டுபோனார். கோடு போடவில்லை.

"இன்னாம்மே இப்டி உக்கார்ற?"

"எப்டிக்கா?"

"இது பயந்துக்கினு உக்கார்ற ஒசரம். எனக்கு நீ வேலை செய்யறப்போ உக்கார்ற ஒசரம் வேணும்."

தேவானை கோமளத்தை ஒரு தடவை பார்த்தார். முதுகை ஒரு விரற்கடை தூக்கினார். பென்சில் முனை சுவரைத் தொடாமல் ஒரு விரற்கடை ஏறியது.

"இன்னும்."

கைகள் முழங்காலை விட்டன. தோள்கள் விரிந்தன. பென்சில் கூடவே ஏறியது.

"இன்னும்."

"போதும்க்கா" என்றார் தேவானை, கழுத்து முழுவதுமாக நிமிர்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இதுக்கு மேல போனா மாமி ஒசரத்துக்கு வந்துடுவேன்."

அஸ்மத்துன்னிசா பென்சிலை வெள்ளைச் சுவரில் அழுத்தி வைத்தார். உள்ளங்கை அகலம்தான் அந்தப் பெட்டி. அவர் இழுத்த கோடு ஒரு முழத்துக்குப் போனது.